முதல் உருண்டை

ஜூன் 3, செவ்வாய்

இருபத்திரண்டு வருடமாகக் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டர் வேலை. மாடு வந்தாலும் கோழி வந்தாலும் தேதி, நோய், மருந்து என்று பதிவேட்டில் எழுதியே பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருப்பதில்லை. அதனால்தான் இந்த நோட்டு.

இன்று காரில் ஒரு சிப்பிப்பாறை நாய் வந்தது. தடுப்பூசிக்கு. நகம் வெட்டி, ஷாம்பு போட்டு, மாப்பிள்ளை மாதிரி இறங்கியது. மூன்று கண்காட்சியில் கப்பு வாங்கிய நாயாம். நான் சும்மா இருந்திருக்கலாம். என் மச்சினன் வெள்ளைச்சாமியின் ஆட்டுக் கிடையில் கன்னி இன நாய் ஒன்று இருக்கிறது, இதைவிடக் கட்டுசெட்டாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். கார்க்காரர் சிரித்தார். "கிடை நாயா? அது எதுகூடக் கலந்ததோ யாருக்கு சார் தெரியும். வேலைக்கு ஆகும், மேடைக்கு ஆகாது."

டாக்டரம்மாவும் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் ஊசியை மெதுவாகத்தான் போட்டேன். நாய் என்ன செய்யும், பாவம்.

ஜூலை 20 மதுரையில் கண்காட்சி, நாட்டு நாய்களுக்குத் தனிப் பிரிவு உண்டு என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனார். தேதியைப் பதிவேட்டின் ஓரத்திலேயே குறித்துக்கொண்டேன்.

ஜூன் 5

மேற்கே கரிசல் காட்டில் கிடை போட்டிருக்கிறான் வெள்ளைச்சாமி. நூற்று நாற்பது ஆடு. அறுவடை முடிந்த புஞ்சையில் ஆடுகளை அடைத்து வைத்தால் நிலத்துக்கு உரம். ஒரு புஞ்சை முடிந்ததும் அடுத்த புஞ்சை. அவன் பெண்டாட்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள். காட்டில் அவனும் மிளகி என்கிற அந்த நாயும்தான்.

மிளகிக்கு மூன்று வயது. கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்பொட்டு, காலெல்லாம் செம்மை, உள்ளே ஒட்டிய வயிறு. குட்டியிலிருந்தே அவளைப் பார்த்து வருகிறேன், ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. யாருமே தொட்டதில்லை. அவர்கள் வழக்கம் அப்படி. கிடை நாய்க்கு ஒரே ஒரு கைதான். கிடைக்கு வருகிறவன் சொந்தக்காரனே ஆனாலும் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கி அவளை விரட்ட வேண்டும். வேற்றுக் கை என்றால் கெட்டது என்று அது மனதில் பதியணுமாம். மூன்று வருடமாக நானும் போகும்போதெல்லாம் ஓங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இன்றும் ஓங்கினேன். மிளகி பல்லைக் காட்டினாள்.

கண்காட்சி விஷயத்தைச் சொன்னதும் வெள்ளைச்சாமி வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தான். ஆனால் "என் நாய மதுரைல நிப்பாட்டுவாகளா?" என்று இரண்டு தடவை கேட்டான். ஆசை இருக்கிறது. கடைசியில் கயிற்றைத் தன் கையாலேயே என் கையில் வைத்து, என் விரல்களை மூடி, மிளகியை முகர்ந்து பார்க்க விட்டான்.

"ஆவணி பொறந்தா ஆடுக குட்டி போட ஆரம்பிச்சிரும் அத்தான். அதுக்கு முன்னாடி கொண்டாந்து விட்டிருங்க. கப்பு வருதோ வரலயோ, இவ இவளாவே வரணும்."

சரி மாப்ளே என்றேன். இதில் என்ன கஷ்டம்?

ஜூன் 8, ஞாயிறு

லோடு ஆட்டோவில் கொண்டுவந்தேன். கெங்கா, என் மனைவி, வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்ததிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இனி மூன்றாவதாக ஒரு தட்டு வைக்கணுமா என்றாள். ஆமாம், நாய்க்கு என்றேன். சாக்கை மடித்து முருங்கை மரத்தடியில் அவளே போட்டாள்.

ஜூன் 9

சாப்பிடவில்லை.

ஜூன் 10

சாப்பிடவில்லை. பால், முட்டை, கறி எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஜுரம் இல்லை. மலத்தில் பூச்சி இல்லை. குடலில் சத்தம் நன்றாகக் கேட்கிறது. ஆகவே பட்டினிதான், பிடிவாதம்தான்.

ஜூன் 11

வெள்ளைச்சாமிக்குப் போன் போட்டேன். அடடா, சொல்ல மறந்துட்டனே அத்தான் என்றான். விஷம் வைத்து நாயைக் கொல்கிறவர்கள் உண்டு. அதற்காகக் குட்டியிலிருந்தே ஒரு பழக்கம். கம்பஞ்சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து, முதல் உருண்டையை வைக்கிறவன் அவள் கண் முன்னாலேயே தின்ன வேண்டும். அதன் பிறகுதான் அவள் வாய் வைப்பாள்.

முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, பிசைந்து, முதல் உருண்டையைத் தின்றேன். உப்பில்லாமல் சப்பென்று இருந்தது. மிளகி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கி முடித்ததும் வந்து சட்டியைச் சுத்தமாக நக்கிவிட்டாள்.

கெங்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தான் சமைத்த சோற்றுக்கு என்றைக்காவது இவ்வளவு மரியாதை கிடைத்திருக்கிறதா என்று கேட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

போனில் கண்காட்சி வீடியோ பதினாறு பார்த்தேன். விஷயம் இவ்வளவுதான். நாய் நான்கு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தூக்கி, அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் வந்து வாயைப் பிளந்து பல் பார்ப்பார். தோளிலிருந்து வால் வரை தடவுவார். பிறகு கயிற்றோடு ஒரு ஓட்டம். தடவும்போது உறுமினால் வெளியே.

நிற்பதும் ஓடுவதும் மிளகிக்கு ஒன்றுமே இல்லை. ஊர் பேர் தெரியாத ஆள் வாயில் கைவிட்டால் விரல் மிஞ்சாது. ஆகப் பாடம் அதில்தான்.

ஜூன் 18

தொட்டவர்: இஸ்திரி வண்டிக்கார முருகையா. நான் மிளகியின் தாடையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு விரலால் முதுகைத் தொட்டார். உடம்பெல்லாம் விறைத்து, முடி சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமல். உடனே அவித்த முட்டை ஒரு துண்டு, முருகையா கையாலேயே. தின்னவில்லை. எனக்குப் புத்தி வந்து, முதல் துண்டை முருகையாவைத் தின்னச் சொன்னேன். அவர் இன்று விரதம் என்றார். விரதத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சித் தின்ன வைத்தேன். மிளகியும் தின்றாள்.

ஜூன் 23

இதுவரை தொட்டவர்கள் ஒன்பது பேர். தபால்காரர், பால் சொசைட்டி செக்ரட்டரி, கெங்காவின் மகளிர் குழுவில் நான்கு பேர், இன்னும் பேர் தெரியாத இரண்டு பேர், முருகையா. என்ன ஆச்சரியம் என்றால், மூன்றாவது ஆளுக்கு மூன்று நாள் பிடித்தது. ஒன்பதாவது ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு நாயின் மூளைக்குள் ஒரு வழக்கம் போய் இன்னொன்று வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். பேஷண்ட் காத்திருக்கிறது, ஊசியை எடுங்கள் என்றார்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று வாலை ஆட்டினாள். காஸ் சிலிண்டர் போட வந்தவருக்கு! அவர் யாரென்றே தெரியாது, முட்டையும் கையில் இல்லை. அவளாகவே போய் நான்கு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தூக்கி நின்று, தொடு என்று காத்திருந்தாள். சிலிண்டர்காரருக்கு டீ கொடுத்து அனுப்பினேன்.

கெங்கா மட்டும், "நாயை மேடையேத்தறதுக்கா இவ்வளவும்? வீட்டோட வச்சுக்கிடறதுக்குத்தான?" என்றாள். இவளுக்கு எப்போதுமே குறுக்குப் புத்தி.

ஜூலை 6, ஞாயிறு

வெள்ளைச்சாமி பார்க்க வந்தான். மிளகி அவன்மேல் ஏறிக் குதித்து, மூத்திரமே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் கொஞ்சம் எரிச்சலும். அந்த நேரம் பார்த்து முருகையா துணி கொண்டுவந்தார். மிளகி ஓடிப்போய் நிற்க, அவர் பழக்கதோஷத்தில் தலையைத் தடவினார்.

வெள்ளைச்சாமி பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். வாரேன்க்கா என்று கெங்காவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஆட்டை யார் பொறுப்பிலாவது விட்டுவிட்டு வந்திருப்பான், அந்த அவசரம்.

ஜூலை 20, ஞாயிறு. மதுரை

எழுதக் கை ஓடவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதுகிறேன்.

காலை நாலரைக்கே புறப்பட்டோம், மிளகியும் நானும் கெங்காவும். வெள்ளைச்சாமி கிடையை விட்டு வர முடியாது என்றுவிட்டான். மைதானம் முழுக்க நாய். சோப்பு வாசனை. ஒரு நாய்க்கு மட்டும் தனியாக மின்விசிறி ஓடுகிறது. மிளகி என் காலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நாட்டு நாய்ப் பிரிவில் பதினோரு நாய்கள், கார்க்காரரின் சிப்பிப்பாறையும் அதில் ஒன்று. அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நடுவர் பெங்களூர்க்காரர், நரைத்த மீசை. மிளகியின் உதட்டைத் தூக்கினார். ஒரு கோரைப்பல் பாதி உடைந்திருக்கிறது, குள்ளநரியோடு போட்ட சண்டையில். அதை விரலால் தடவிப் பார்த்தார். முன்னங்கால் தழும்பைப் பார்த்தார். தோள், விலா, தொடை. மிளகி கல் மாதிரி நின்றாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த நிற்றல் அது. ஓடச் சொன்னதும் ஓடினோம். என் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஓடினேன்.

முதல் பரிசு.

சிப்பிப்பாறை மூன்றாவது. கார்க்காரர் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. நிஜமாகவே தோன்றவில்லை, மிளகியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பைக் கொடுக்கும்போது நடுவர் கேட்டார்: "கிடையில வேலை செய்ற நாய்னு எழுதியிருக்கீங்க. இவ்வளவு சாதுவா நிக்குதே, எப்படி?"

பழக்கினேன் சார் என்றேன். அப்படியா என்றார். இன்னும் ஏதோ கேட்க வந்தவரை அடுத்த பிரிவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் கெங்கா கப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மிளகி என் பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கினாள்.

ஜூலை 22

வெள்ளைச்சாமி போன் செய்தான். சந்தோஷம் அத்தான், எப்பக் கொண்டாரீக என்றான். பின்னங்காலில் லேசான சுளுக்கு இருக்கிற மாதிரித் தெரிகிறது, நாலு நாள் பார்த்துவிட்டுக் கொண்டுவருகிறேன் என்றேன்.

ஜூலை 24

சுளுக்கு குறைந்து வருகிறது. காலையில் கம்மாய்க்கரை வரை ஓடிவிட்டு வந்தோம்.

ஜூலை 26

எந்தக் காலில் சுளுக்கு என்று கெங்கா கேட்டாள். இடது என்றேன். நேற்று வலது என்றீர்களே என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

கொண்டுபோய் விட்டேன். கப்பையும் கொடுத்தேன். வெள்ளைச்சாமி அதில் தண்ணீர் மோந்து குடித்துப் பார்த்துவிட்டுக் கூடாரக் கம்பில் தொங்கவிட்டான். திரும்பும்போது மிளகி ஓடை வரை என் பின்னாலேயே வந்தாள். மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்க வேண்டும். கையில் எடுத்தேன், கீழே போட்டுவிட்டேன்.

ஜூலை 28

முருங்கை மரத்தடியில் சாக்கு அப்படியே கிடக்கிறது. கெங்காவும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மத்தியானம் வெள்ளைச்சாமி போன். குரலே சரியில்லை. இரண்டு கிடாக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பட்டப்பகலில்.

ஆகஸ்ட் 6

லீவு போட்டுக் காட்டுக்குப் போனேன். மிளகி தூரத்திலிருந்தே வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து நின்றாள். வெள்ளைச்சாமி நடந்ததைச் சொன்னான். சத்தமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை.

அவன் தண்ணீர் எடுக்கப் பம்புசெட்டுக்குப் போயிருக்கிறான். அங்கிருந்து பார்த்தால் கிடை தெரியும், கூப்பிட்டால் கேட்காது. பைக்கில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்தத் தூரத்துக்கு வந்தாலே மிளகி பைக்கைக் கடிக்கப் பாய்வாள்.

"ஒருத்தன் இறங்குனான் அத்தான். இவ ஓடிப்போயி அவன் முன்னால நின்னா. நாலு காலயும் ஊனி, தலயத் தூக்கி. அவன் தடவுனான். வாயத் தொறந்து பல்லக்கூடப் பாத்தான். அந்த நேரத்துல இன்னொருத்தன் குட்டிகளத் தூக்கிட்டான். நான் ஓடியாரதுக்குள்ள வண்டி போயிருச்சு. இவ போஸு குடுத்தபடியே நிக்கா."

நான் கூடாரக் கம்பில் தொங்கிய கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது?

பத்து நாளில் ஆவணி. நூற்று நாற்பதில் எழுபது சினை. ஒற்றை ஆளாக இரவு பகல் காக்க முடியாது. நாய் இப்படியென்றால் கிடையைக் கலைத்துவிட்டு அவனும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டியதுதான் என்றான். பிறகு, "இவளக் கூட்டிட்டுப் போங்க அத்தான். இவ இனி ஒங்க வீட்டு நாய்" என்றான்.

என் மனதில் அப்போது வந்தது சந்தோஷம். அதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்த எழவெடுத்த சந்தோஷத்தோடேயே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி வழி வந்துவிட்டேன். ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவன் ஒற்றையாக ஆடுகளுக்கு நடுவே, நான்கு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாய் செய்த வேலையை அவன் செய்துகொண்டிருந்தான்.

மிளகியோடு திரும்பிப் போனேன்.

ஆகஸ்ட் 7

மிளகியைப் பழையபடி ஆக்க வழி இருக்கிறதா என்று வெள்ளைச்சாமியிடம் கேட்டேன். இருக்கிறது என்றான், ஆனால் சொல்ல மாட்டேன் என்றான். கெங்காதான் அவனிடமிருந்து பிடுங்கினாள்.

நாய் குட்டியாக இருக்கும்போது என்றால் எந்த வேற்று ஆள் விரட்டினாலும் போதும். இப்போது மிளகிக்கு வேற்று ஆள் என்று ஒருவருமே இல்லை. எல்லோரும் முட்டை கொடுக்கிறவர்கள். அதனால் யாரோ ஒருவன் அடித்தால், அந்த ஒருவனை மட்டும் கெட்டவன் என்று வைத்துக்கொள்வாள். எந்தக் கையை நம்பி மற்ற கையெல்லாம் நல்லது என்று படித்தாளோ, அந்தக் கையே அவள் கண்ணெதிரில் ஆட்டுக்குட்டியைத் தூக்க வேண்டும். அந்தக் கையே அவளை அடிக்கவும் வேண்டும். அப்போதுதான் படித்தது மொத்தமும் போகும்.

அது யார் கை என்று கெங்கா கேட்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதல் தடவை. கிடையிலிருந்து ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மிளகி வாலை ஆட்டிக்கொண்டு என்கூடவே ஓடை வரை வந்தாள். எங்கே போகிறோம் என்று என் முகத்தைப் பார்த்தாள். ஆவாரங்குச்சி கையில் இருந்தது. ஓங்கவில்லை.

ஆகஸ்ட் 12

இரண்டாவது தடவை. குச்சியால் விலாவில் ஒன்று போட்டேன். வலித்திருக்காது. நான்கு காலையும் சதுரமாக ஊன்றி, தலையைத் தூக்கி நின்றாள். தப்பாக நின்றுவிட்டோம், சரியாக நிற்கச் சொல்கிறார் என்று நினைத்திருக்கிறாள்.

குட்டியை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி அழுதேன். கண்ணில் பூச்சி விழுந்தது என்று கெங்காவிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. மூன்றாவது தடவை.

வெள்ளைச்சாமியைப் பம்புசெட்டுக்குப் போய் நிற்கச் சொன்னேன். குட்டியின் காதைத் திருகினேன். கத்தியது. தாய் ஆடும் கத்தியது. மிளகி எழுந்து நின்றாள். அடித்தேன். நிற்க வந்தாள், மறுபடி அடித்தேன், இந்தத் தடவை வலிக்கும்படி. முதுகில், காலில். போ, போ என்று கத்தினேன். குட்டி இன்னும் கத்திக்கொண்டே இருந்தது. மிளகி குட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். காது பின்னால் போயிற்று. தொண்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய சத்தம் வந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் கேட்காத சத்தம்.

இடது கெண்டைக்காலில் நான்கு பல். ஒன்று பாதிப் பல். குட்டியை விட்டுவிட்டேன். மிளகி அதற்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டு, நான் ஓடை தாண்டும்வரை குரைத்தாள்.

வெள்ளைச்சாமி ஓடிவந்து சோப்புப் போட்டுக் காலைக் கழுவிவிட்டான். அழுதுகொண்டே கழுவினான். கழுவுடா, ஒழுங்காகக் கழுவு, பதினைந்து நிமிடம் கழுவணும் என்றேன். என் தொழில் அதுதானே.

ஆகஸ்ட் 18

இரண்டாவது ஊசி. வேலை காரணமாக நான் முன்பே தடுப்பூசி போட்டவன், ஆகவே இரண்டோடு சரி. ஆஸ்பத்திரி நர்சம்மா, யார் நாய் என்று கேட்டார். மதுரையில் முதல் பரிசு வாங்கிய நாய் என்றேன். இப்படிக் கடிக்கிற நாய்க்கா கொடுத்தார்கள் என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினேழு குட்டி. ஒன்றும் போகவில்லை. நேற்று தபால்காரர் அந்தப் பக்கமாகக் குறுக்கே போயிருக்கிறார். இரண்டு புஞ்சை தூரம் துரத்தியிருக்கிறாள். என்னிடம் வந்து புகார் சொன்னார். ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கிடைக்குத் தடுப்பூசி போடும் நாள். பையை எடுத்துக்கொண்டு போனேன். ஓடைக்கு அந்தப் பக்கமே மிளகி பார்த்துவிட்டாள். நான் மண்ணாங்கட்டி எடுக்கவே தேவை இருக்கவில்லை. வெள்ளைச்சாமி அவளைக் கட்டிவிட்டுத்தான் என்னை உள்ளே விட்டான்.

ஊசியெல்லாம் போட்டு முடித்தபின், அவள் சட்டியை எடுத்துக் கம்பஞ்சோற்றைப் பிசைந்தேன். எதற்கு அத்தான் என்றான். சும்மா, தெரிந்துகொள்ளத்தான் என்றேன். அவளுக்கு எட்டும் தூரத்தில் சட்டியை வைத்துக் குத்தவைத்து உட்கார்ந்தேன். முதல் உருண்டையைத் தின்று, விழுங்கி, தொண்டையைக் காட்டினேன்.

உறுமிக்கொண்டே இருந்தாள். சட்டியின் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பவில்லை. கால்மணி நேரம் பார்த்தேன், வாட்சை வைத்து.

"நல்ல நாய் மாப்ளே" என்றேன்.

அவன் வேறு சட்டியில் புதிதாகப் பிசைந்து, தன் உருண்டையைத் தின்று வைத்தான். மிளகி சாப்பிட்டாள். என் சட்டியில் இருந்ததை வீணாக்க வேண்டாம் என்று நானே தின்று முடித்தேன். உப்பு இல்லை.